எட்டாவது பெயர் மட்டும் சிறியது

திருச்சபைச் சேகரத்தின் தேர்தலுக்காக நீங்கள் செய்து அனுப்பிய சோதனை இணையப் பக்கத்தை நேற்று பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பதினொன்றரை வரை, ஐந்து கருவிகளில், மூன்று பிரவுசர்களில் பார்த்தேன். பிழைகள் ஏழு. ஆறை அலுவலகத்துக்குப் போன் போட்டு ஷீபாவிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்களுக்குச் சொல்வார். ஏழாவது பிழை பக்கத்தில் இல்லை. சேகரத்துக்கு நீங்கள் எழுதியிருக்கும் கடிதத்தில் இருக்கிறது. "எல்லா பிரவுசரிலும் ஒரே அளவில் தெரியும் என்று உறுதியளிக்கிறோம்."

ஏழு சொல். மூன்று ஆண்டுக்கு முன் இதே சேகரத்துக்கு, இதே தேர்தலுக்கு, இதே ஏழு சொல்லை நானும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அந்தக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். நீங்கள் அதைப் பார்த்தே எழுதியிருந்தால் எனக்கு இரட்டைக் கோபம். பார்க்காமலே அதே சொற்கள் வந்திருந்தால் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நிரல் எப்படி எழுதுவது என்று சொல்லப் போவதில்லை. அது என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே நாலு சபைகள் சேர்ந்த சேகரம் அது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கமிட்டித் தேர்தல். நான் பூதப்பாண்டிக்காரன். சபைத் தேர்தல் என்றால் ஜெபம் செய்து கை தூக்குவார்கள், பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தால் ஊராட்சித் தேர்தல் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. அந்த முறை ஏழு இடத்துக்கு ஒன்பது பேர் நின்றார்கள். சுவரொட்டி கூடாது, வீடு வீடாகப் போய்க் கேட்கக் கூடாது என்று விதி. ஒவ்வொருவரும் நூறு சொல்லுக்கு மிகாமல் தம்மைப் பற்றி எழுதித் தரலாம். அது மட்டும் இணையத்தில் ஒரே பக்கமாக வரும். சபையார் வீட்டிலிருந்தே வாசித்துவிட்டு ஞாயிறு ஆராதனை முடிந்து வாக்குப் போடுவார்கள். உண்மையில் வாசிப்பவர்கள் குவைத்திலும் தம்மாமிலும் இருக்கும் ஆண்கள். அங்கே போனில் பக்கத்தைத் திறந்து பார்த்து, யாருக்குப் போடுவது என்று இங்கே வீட்டுக்குச் சொல்வார்கள். வீட்டில் அப்படியே போடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

விதிகளில் ஐந்தாவது: "வேட்பாளர் பெயர்கள் யாவும் ஒரே அளவில் இருக்க வேண்டும்." இதை எழுதியவர் தேர்தல் அதிகாரி ஜெபமணி. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை அங்குலத்துக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வதை வாழ்நாள் முழுக்கப் பார்த்த மனிதர், இப்படித்தான் விதி எழுதுவார்.

அந்த ஐந்தாவது விதியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதில்தான் எல்லாம் கெட்டது. எல்லா போனிலும், எல்லா கம்ப்யூட்டரிலும், எல்லா பிரவுசரிலும் பக்கம் அச்சு அசலாக ஒன்று போல இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது ஒரு வெறி. இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினோரு வருடம் அச்சகத்தில் பக்கம் அமைத்தவன் நான். அங்கே பன்னிரண்டு புள்ளி எழுத்து என்றால் ஆயிரம் படியிலும் பன்னிரண்டு புள்ளிதான். அந்த அச்சகத்து மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை முறை திருத்திய பக்கமாக இருந்தாலும், ஈர மை காயாத முதல் தாள் கைக்கு வராமல் "சரி" என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார். நாங்கள் சிரிப்போம். அவரிடமிருந்து அளவைப் பிடித்துக்கொண்டேன். தாளைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். எடுக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்பது அப்போது தெரியவில்லை.

ஆகவே பக்கத்தின் அகலத்தை ஆயிரம் பிக்சல் என்று ஆணியடித்தேன். போனின் அகலத்துக்கு ஏற்ப மடங்கச் சொல்லும் வரியை எடுத்தேன். யாரும் விரலால் விரித்துப் பார்த்து என் பக்கத்தைக் கலைத்துவிடக் கூடாதென்று அதையும் பூட்டினேன். ஒன்பது பெயருக்கும் எழுத்தளவு பதினாறு, பதினாறு என்று ஒன்பது முறை எண்ணி எழுதினேன். என் கம்ப்யூட்டரில் மூன்று பிரவுசரில் திறந்து, திரையில் அடிக்கோல் வைத்து அளந்தேன். மூன்றும் ஒன்று. புதன்கிழமை பக்கம் வெளியானது.

வியாழன் காலை பத்து இருபதுக்கு போன் அடித்தது. தெரியாத எண். பதினொரு முறை அடிக்க விட்டு எடுத்தேன்.

"சாரே, நான் லில்லிபாய். லிஸ்ட்ல எட்டாவது."

ஒன்பது பேரில் ஒரே பெண். முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவர், பாதி சவுதியில், பாதி இங்கே. மற்ற எட்டுப் பேரும் தங்கள் பட்டம், பதவி, கட்டிய கல்லறைச் சுவர், தலைமை தாங்கிய ஸ்தோத்திரப் பண்டிகை எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். குறைந்தது அறுபத்தொரு சொல். அதிகம் எழுதியவர் ரப்பர் வியாபாரி சாம்ராஜ், தொண்ணூற்றேழு. லில்லிபாய் எழுதியது ஆறு சொல்: "நர்ஸ், முப்பத்தொரு வருடம். ஆலயத்துக்குச் சாய்தளம் வேண்டும்."

"சொல்லுங்கம்மா."

"எனக்க பேரு மட்டும் செறுசா கெடக்கு."

"இருக்காது."

"கெடக்கு சாரே. எனக்க போன்லயும் அப்பிடித்தான், எனக்க அக்காக்க போன்லயும் அப்பிடித்தான். மத்தவங்கக்க பேரு எல்லாம் நல்லா தெரியுது."

"அம்மா, ஒன்பது பேருக்கும் பதினாறுதான் கொடுத்திருக்கேன். நானே எண்ணி எழுதினது. நீங்க சொல்றது கண்ணோட மயக்கம். மத்தவங்க நிறைய எழுதியிருக்காங்க, உங்களுக்குப் பக்கத்துல வெறும் இடம் கிடக்கு. அதனால சின்னதாத் தோணும்."

"அப்பிடியா? சரி. உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். என் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து, ஒன்பது பெயருக்கும் கீழே கோடு போட்டு, ஆதாரமாக அவருக்கு அனுப்பினேன். அனுப்பியதும் திருப்தியாக ஒரு டீ குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அவர் தன் கையிலிருந்த போனைப் பற்றிச் சொன்னார். நான் என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரைப் படம் எடுத்துப் பதில் அனுப்பினேன். ஒரு நர்ஸிடம் காய்ச்சல் என்று வருகிறவனுக்கு அவர் தன் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து "இல்லையே" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

வெள்ளி பதினொரு மணிக்கு ஜெபமணியே நாகர்கோவிலுக்கு வந்துவிட்டார். எங்கள் அலுவலகம் மாடியில். கீழே போன் ரிப்பேர் கடை. மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு போன், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு நோட்டு மூன்றையும் மேசையில் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல. நீரே அளந்து பாரும்."

அளந்தேன். சாம்ராஜ், நாலரை மில்லிமீட்டர். லில்லிபாய், இரண்டரை.

"உங்க போன் பழசு" என்றேன்.

"போன் பழசுன்னா எல்லாப் பேரும்லா செறுசாவணும். ஒரு பேரு மட்டும் எப்பிடிவே செறுசாவும்?"

ஆனாலும் விடவில்லை. பிரவுசர் எழுதியவனைத் திட்டினேன், போன் செய்தவனைத் திட்டினேன், பதினைந்து நிமிடம். இதற்குள் ஷீபா சத்தமில்லாமல் கீழே போய், ரிப்பேர் கடையில் ஆள் எடுக்க வராமல் கிடந்த போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வந்துவிட்டார். மொத்தம் பதினொன்று. மேசையில் பரப்பி எல்லாவற்றிலும் பக்கத்தைத் திறந்தார். ஏழில் எட்டாவது பெயர் சிறியது. நாலில் எல்லாம் ஒன்று போல, எல்லாமே எறும்பளவு.

அப்போதுதான் விளங்கியது. அகலமான பக்கத்தைச் சின்னத் திரையில் திணித்தால் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். சில பிரவுசர்கள் இரக்கப்பட்டு, நிறைய எழுத்து இருக்கும் கட்டத்தைத் தாமாகவே பெரிதாக்கிக் காட்டும். நாலு சொல் மட்டும் இருக்கும் கட்டத்தைப் பெரிதாக்கத் தேவையில்லை என்று விட்டுவிடும். என் பக்கத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கட்டம். தொண்ணூற்றேழு சொல் எழுதியவருடைய கட்டம் வளர்ந்தது. ஆறு சொல் எழுதியவருடையது அப்படியே கிடந்தது. தற்பெருமைக்கு ஏற்ப எழுத்து பெரிதாகும் ஒரு பக்கத்தை, நான் ஒன்பது பதினாறு போட்டு, அடிக்கோல் வைத்து அளந்து உண்டாக்கியிருந்தேன். அதுவும் வேறெதற்கும் இல்லை, எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்க வேண்டும் என்பதற்காக.

சரியான வழி அப்போதே தெரியும். ஆணியைப் பிடுங்கி, பக்கத்தைப் போனுக்கு ஏற்ப மடங்க விடுவது. ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். நான் எழுதிக் கொடுத்த ஏழு சொல் பொய்யாகும். மனம் வரவில்லை. வெள்ளி மாலை நாலரைக்கு, எட்டாவது பெயருக்கு மட்டும் பதினாறை எடுத்துவிட்டு இருபத்தொன்பது போட்டேன். அந்த ஏழு போனிலும் ஒன்பது பெயரும் சமமாகிவிட்டன.

ஷீபா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். குலசேகரத்துக்காரி, எதையும் நேராகத்தான் கேட்பார்.

"சாரே, மத்த நாலு போன்ல?"

"அந்த நாலும் யாரோ விட்டுட்டுப் போன போன்."

"ஏழும்தான் அப்பிடி."

"ஞாயிறு வரைக்கும்தானே ஷீபா."

"ஒரு ஆளுக்கு மட்டும் வேற கணக்கு எழுதினா, நாளைக்கு யாராச்சும் கேட்டா என்ன பறைவீங்க?"

"யாரு கேப்பா?" என்றேன்.

சனிக்கிழமை காலை எல்லோரும் கேட்டார்கள். சேகர அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காகத் தன் கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்தை நாலு படி அச்சடித்து, நாலு சபையிலும் ஒட்டிவிட்டார். கம்ப்யூட்டரில் எதையும் தானாகப் பெரிதாக்கும் வேலை இல்லை. ஆகவே எட்டுப் பெயர் பதினாறிலும், லில்லிபாய் பெயர் இருபத்தொன்பதிலும் தாளில் இறங்கியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஜெபமணி கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வே, இங்க நெலம சரியில்ல. லில்லிபாய் வெப்சைட்டுக்காரங்களக் கையில போட்டுட்டான்னு பேச்சு. அவளுக்க பேர லிஸ்ட்ல இருந்தே எடுக்கணும்னு நாலு பேரு ஒப்புப் போட்டு எழுதித் தந்தாச்சு. நாலு மணிக்கு முடிவு சொல்லணும். அதுக்கு முன்ன நீரு வந்து நில்லும். வரல்லன்னா நான் எடுக்க வேண்டியது வரும்."

கிளம்பினோம். வடசேரியில் பேருந்து பிடித்து, மடிக்கணினியை மடியில் வைத்து ஷீபா வேலையைத் தொடங்கினார். தக்கலை வருமுன் முடித்துவிட்டார். பக்கம் போனுக்கு ஏற்ப மடங்கும். பிரவுசர் தன் விருப்பத்துக்கு எதையும் பெரிதாக்காது. விரலால் விரித்துப் பார்க்கலாம். எல்லாப் பெயரும் ஒரே கணக்கு. மொத்தம் பதினாலு வரி மாற்றம்.

"வெளியிட்டுறவா சாரே?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பொத்தான். அழுத்தினால் தவறு மறைந்துவிடும். நாங்கள் போய்ச் சேரும்போது எந்த போனிலும் பெரிய லில்லிபாய் இருக்காது. ஆனால் அச்சடித்த தாள் நாலு பலகையில் ஒட்டியிருக்கிறது. தாளில் பெரிதாக இருந்த பெயர், புகார் கொடுத்தபின் திரையில் சிறிதானால், அந்த அம்மாள்தான் சொல்லி மாற்றினார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அழுத்தாவிட்டால், நாங்கள் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு நிமிடமும் யாராவது குவைத்திலோ கொல்லங்கோட்டிலோ அந்தப் பக்கத்தைத் திறந்து முகம் சுளிப்பார்கள்.

"வேண்டாம்" என்றேன். "எல்லார் முன்னாலயும் வெச்சு மாத்துவோம்."

சொல்லிவிட்டேனே தவிர, மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் பேருந்து நாற்பத்தொரு நிமிடம் நின்றபோது, ஷீபாவின் விரலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பொத்தானை எத்தனை தடவை பார்த்தேன் என்று மட்டும் எண்ணவில்லை.

மூன்று நாற்பதுக்கு ஆலயத்தில் இருந்தோம். படிகள் பதினாலு, கைப்பிடி கிடையாது. உள்ளே இருபத்து மூன்று பேர். லில்லிபாய் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில், கையில் குடையோடு, படிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாம்ராஜ் கிழித்தெடுத்த தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எட்டு ஆம்பிளைகளுக்க பேரு எள்ளு மாதிரி. ஒரு பொம்பிளைக்க பேரு சினிமா போஸ்டர் மாதிரி. இது என்ன கணக்கு? உங்க ஆபீசுக்கும் அவளுக்கும் எத்தன நாளாப் பழக்கம்?"

"இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றேன்.

"பாக்காமலே இம்புட்டுன்னா, பாத்திருந்தா அவ படமும்லா போட்டிருப்பிய!"

சிரிப்பு எழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சாம்ராஜ் அண்ணா, எனக்க பேரு ரெண்டு நாளு புள்ளி மாதிரி கெடந்துதே. அப்பம் இந்த அஞ்சாம் விதி எங்க போயிருந்து?"

"அப்பம் யாரும் சொல்லல்ல."

"நான் சொன்னேன். கண்ணு மயக்கம்னு பறஞ்சாங்க."

சொன்னவன் யார் என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நானே சொன்னேன். "அதைச் சொன்னது நான்தான். அவங்க பேர் சின்னதா இருந்ததும் என் தப்பு, பெரிசானதும் என் தப்பு. அவங்க ஒரு தடவைதான் எனக்கு போன் பண்ணினாங்க. பெரிசாக்கச் சொல்லல. சின்னதா இருக்குன்னு மட்டும்தான் சொன்னாங்க. அதை நான் நம்பல."

பிறகு பிக்சல், அகலம், பிரவுசர் என்று விளக்க ஆரம்பித்தேன். நாலு நிமிடத்தில் இருபத்து மூன்று முகமும் மரக்கட்டை. ஜெபமணிதான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் சொல்லுதேன். நாங்க சங்கிலி போட்டு அளக்கம்பம், வெயில்ல சங்கிலி நீளும். காலத்த அளந்ததும் உச்சிக்கு அளந்ததும் ஒத்துப் போவாது. அதுக்காவ எந்த சர்வேயராச்சும் ரெண்டு வயலுக்கு ரெண்டு சங்கிலி போடுவானா? போடமாட்டான். ஒரே சங்கிலியக் கொண்டு ரெண்டையும் ஒரே நேரத்துல அளப்பான். அம்புட்டுதான். எனக்க விதியில எல்லா போன்லயும் ஒரே அளவுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? பேரு எல்லாம் ஒரே அளவுன்னுதான் எழுதினேன். ஒரு போனத் தொறந்தா அந்த போனுக்குள்ள ஒம்பது பேரும் சமமா இருக்கணும். இந்த மனுசன் அத வேற மாதிரி படிச்சிட்டாரு."

இருபத்தாறு வருடமாக நான் செய்துவந்த வேலையை, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

மூன்று ஐம்பதுக்கு, எல்லோரும் பார்த்திருக்க, ஷீபா பொத்தானை அழுத்தினார். ஜெபமணி நோட்டை விரித்தார். உள்ளே இருந்தவர்களின் போன் ஒவ்வொன்றையும் வாங்கி, ஸ்கேல் வைத்து, ஒன்பது பெயரையும் அளந்து எழுதினார். ஒரு போனில் மூன்றரை, இன்னொன்றில் நாலு, இன்னொன்றில் மூன்று. போனுக்குப் போன் வேறு. ஆனால் ஒவ்வொரு போனிலும் ஒன்பதும் ஒன்று.

கடைசியாக சாம்ராஜின் போன். ஏழு மில்லிமீட்டர். ஒன்பது பெயரும் ஏழு.

"பாத்தியளா!" என்று குதித்தார் சாம்ராஜ். "எனக்க போன்ல மட்டும் ஏழு. இதுவும் சூதுதானே?"

ஷீபா போனை வாங்கிப் பார்த்தார். தாழ்ந்த குரலில், "சாரே, நீங்க எழுத்த ஆகப் பெருசுல வச்சிருக்கீங்க. அதான்" என்றார்.

"அது... பேரன் ஏதோ அமுக்கியிருப்பான்."

லில்லிபாய் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"அண்ணா, இன்னிக்கு வரைக்கும் இந்தப் பக்கத்துல உங்க பேர நீங்க வாசிச்சியளா?"

சாம்ராஜ் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "விரல வச்சு விரிச்சுப் பாத்தேன். விரியல்ல. எல்லாம் எறும்பு ஊருத மாதிரி. இன்னிக்குக் காலத்த தொறந்தப்பம் உனக்க பேரு ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு. எழுதினது தொண்ணூத்தேழு வார்த்த, எனக்கு ஒண்ணு கூடக் காணல்ல. ஆத்திரம் வருமா வராதா?"

விரியாதபடி பூட்டியவன் நான். அதையும் சொன்னேன். அதற்குள் என் தப்புகளின் எண்ணிக்கை நாலாகியிருந்தது.

"சுகர் எவ்வளவு?" என்றார் லில்லிபாய்.

"பாக்கல்ல."

"எத்தன மாசமாப் பாக்கல்ல?"

"ஏட்டி, நீ எனக்கு எதிரா நிக்கப்பட்டவ."

"நாளைக்கு வரைக்கும்தானே நிப்பேன். திங்களாழ்ச்ச கண்ணாஸ்பத்திரிக்குப் போணும், கேட்டியளா? வச்சுத் தாமசிக்கப்பிடாது."

சாம்ராஜ் புகாரில் போட்டிருந்த தன் கையெழுத்தை அடித்தார். மற்ற மூவரும் அடித்தார்கள். லில்லிபாய் பெயர் பட்டியலில் நின்றது. பலகைத் தாள்களை மாற்றச் சொல்லி குமாஸ்தாவை அனுப்பினார் ஜெபமணி.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. ஷீபாவே டீ குடிக்கும்போது சொல்லியிருப்பார். ஞாயிறு மாலை முடிவு வந்தது. சாம்ராஜ் இரண்டாவது. லில்லிபாய் எட்டாவது. இடம் ஏழு. ஏழாவது ஆளுக்கும் அவருக்கும் வித்தியாசம் மூன்று வாக்கு.

நான் சர்வர் பதிவைத் திறந்து எண்ணினேன். பெயரைப் பெரிதாக்கிய வெள்ளி நாலரை முதல் சனி மூன்று ஐம்பது வரை பக்கம் திறக்கப்பட்டது இருநூற்றுப் பன்னிரண்டு முறை. அதில், பேருந்தில் ஷீபா "வெளியிட்டுறவா" என்று கேட்டதற்குப் பிறகு மட்டும் நாற்பத்தேழு. எத்தனை பேர் கம்ப்யூட்டரில், எத்தனை பேர் எந்தப் பிரவுசரில் என்று பிரித்தும் பார்த்தேன். அந்த நாற்பத்தேழில் யார் மனம் மாறினார்கள் என்று எந்தப் பதிவிலும் இல்லை. பொத்தானை அழுத்தியிருந்தால் அவர் பெயரே பட்டியலில் இருந்து போயிருக்கும் என்று ஷீபா இன்றும் சொல்கிறார். அப்படியும் இருக்கலாம். நான் அன்று செய்தது சரியா என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டுவிட்டேன். ஒரு தடவை கூட மீதியில்லாமல் வகுபடவில்லை.

திங்கள் காலை முடிவுகளை அதே பக்கத்தில் ஏற்றினேன். ஒன்பது பெயர், பக்கத்தில் வாக்கு. ஏற்றியது பத்து மணிக்கு. பத்து இருபதுக்கு போன். இரண்டாவது முறை அடிக்கும்போதே எடுத்தேன்.

"சாரே, நான் லில்லிபாய். பாத்தேன்."

"எப்படித் தெரியுது?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாருக்க மாதிரியும் தெரியுது. தோத்தாலும் செறுசாக்கல்ல." சிரித்தார். "சாம்ராஜ் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. நான்தான் ஆட்டோ ஏத்தி விட்டேன்."

"அம்மா, அந்த மூணு வாக்கு..."

"அத விடுங்க. ஒரு காரியம் கேக்கணும்னு நெனச்சேன். அன்னிக்குப் படி ஏறி வரும்பம் உங்க உதடு அசைஞ்சுது. ஜெபிச்சியளா?"

"இல்ல. படியை எண்ணினேன்."

"எத்தன?"

"பதினாலு."

"சரிதான்" என்றார். "கமிட்டியில ஒருத்தருக்கும் தெரியாது. பத்து இருக்கும், பன்னிரண்டு இருக்கும்னு பறைவாங்க. முட்டு வலிக்குதவங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். இப்பம் உங்களுக்கும்."

இந்த முறையும் அவர் நிற்கிறார். உங்கள் சோதனைப் பக்கத்தில் பார்த்தேன். வேட்பாளர் பதினொரு பேர், அவர் பத்தாவது. குறிப்பு அதே ஆறு சொல். ஒன்றைக் கூடக் கூட்டவில்லை. சாம்ராஜ் இந்த முறை நாற்பது சொல்லோடு நிறுத்திக்கொண்டார். படிகள் இன்னும் பதினாலுதான். போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் முட்டுக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே கடிதத்தில் அந்த ஏழு சொல்லை அடித்துவிடுங்கள். ஒரு போனுக்குள் எல்லோரும் சமம் என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். வாக்குக்கு முந்தின சனிக்கிழமை எதையும் தொடாதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆறு போனில் பார்த்தேன் என்று என்னிடம் சொல்ல வராதீர்கள்; கீழ்க்கடையில் கூடை இன்னும் இருக்கிறது.

லில்லிபாய் எண் ஷீபாவிடம் உண்டு. பக்கம் வெளியானதும் அவர் கூப்பிடுவார், அநேகமாகப் பத்து இருபதுக்கு. பதினொரு முறை அடிக்க விடாதீர்கள். எடுத்ததும் திரையைப் பார்க்காதீர்கள். அவர் போனில் என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள்.